பீப்பாயில் இருக்கும்போதே போர்தோ ஒயின் வாங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிரான்சின் போர்தோ பகுதியில் செப்டம்பர், அக்டோபரில் திராட்சை பறிக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில், அந்தச் சிவப்பு ஒயின் இன்னும் ஓக் பீப்பாயில் கிடக்கும்போதே விற்பனை தொடங்கிவிடுகிறது. பணத்தை இப்போதே கட்டிவிட்டு, பாட்டில் வர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இந்த முறைக்குப் பெயர் ஆன் ப்ரிமர். மாமரம் பூவெடுத்ததுமே தோப்பைக் குத்தகை பேசும் வியாபாரியின் கணக்குதான் இது. காய் கண்ணில் படுமுன் விலை பேச வேண்டியிருப்பதால் மரம், மழை, தோப்புக்காரர் மூன்றையும் பற்றித் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆண்டுகளில், பெரும்பாலான ஒயின்களை இப்படி முன்பணம் கட்டி வாங்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு ஆண்டு கழித்து கடையில் அதே விலைக்கோ, சில நேரம் குறைந்த விலைக்கோ கிடைக்கும். ஆனால் சரியான ஷாட்டோ (ஒயின் பண்ணை), அதற்கு ஏற்ற ஆண்டு, நியாயமான விலை மூன்றும் ஒன்றாகக் கூடிவரும்போது இதைவிட நல்ல வழி கிடையாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சந்தையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஷாட்டோ என்றால் கோட்டை என்று நினைக்க வேண்டாம். போர்தோவில் அது சொந்தத் தோட்டத் திராட்சையில் ஒயின் தயாரிக்கும் பண்ணை. பெரிய ஷாட்டோக்கள் தங்கள் ஒயினை நமக்கு நேராக விற்பதில்லை. நெகோசியான் எனப்படும் மொத்த வியாபாரிகளுக்கு விற்கின்றன. இடையில் கூர்த்தியே என்ற தரகர் இருப்பார், அவருக்கு வழக்கமாக 2 சதவீதம் தரகு. நெகோசியானிடமிருந்து லண்டன், சூரிச், ஹாங்காங், சிங்கப்பூர் வியாபாரிகளுக்குப் போய், அவர்கள் வழியாகத்தான் நம் கைக்கு வருகிறது.

நாள்காட்டி இப்படி: அறுவடை முடிந்து நொதித்தல் ஆனதும் ஒயின் பீப்பாய்க்குப் போகிறது. ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். குளிர்காலத்தில் வெவ்வேறு தோட்டத் துண்டுகளின் ஒயினைக் கலந்து இறுதிக் கலவையை முடிவு செய்கிறார்கள். மார்ச் கடைசி, ஏப்ரலில் உலகம் முழுவதிலிருந்தும் வியாபாரிகளும் விமர்சகர்களும் வந்து மாதிரிகளைச் சுவைக்கிறார்கள். அதன் பிறகு ஜூன் வரைக்கும், சில ஆண்டுகளில் ஜூலை தொடக்கம் வரைக்கும், ஷாட்டோக்கள் ஒவ்வொன்றாக விலையை அறிவிக்கும். காலையில் விலை வந்தால் மாலைக்குள் வியாபாரிகளின் மின்னஞ்சல் உங்கள் பெட்டியில் இருக்கும்.

சில ஷாட்டோக்கள் முதலில் கொஞ்சம் மட்டும் ஒரு விலைக்கு விடும். அது விற்றுத் தீர்ந்தால் அடுத்த பகுதியைக் கூடுதல் விலைக்கு விடும். நல்ல விலையில் வரும் முதல் பகுதிக்கு மட்டுமே அவசரப்படலாம். மற்றபடி, ‘இன்றே முடிவு சொல்லுங்கள்’ என்ற மின்னஞ்சல்களை ஆற அமரப் படியுங்கள்.

எல்லோரும் இந்த முறையில் இல்லை. முதல் வரிசை ஷாட்டோவான லாத்தூர் 2012இல் இதிலிருந்து விலகிவிட்டது. குடிக்கத் தயாரானது என்று தாங்கள் கருதும்போதுதான் ஒயினை வெளியே விடுகிறார்கள்.

ஷாட்டோவைத் தேர்ந்தெடுப்பது

ஆண்டு எப்படி என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் ஷாட்டோவிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஒரு ஷாட்டோவின் குணம் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து வரும். அது உங்களுக்குப் பிடிக்காத குணமாக இருந்தால், எவ்வளவு நல்ல ஆண்டும் அதை மாற்றாது.

போர்தோவை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. இடது கரையில் மெதோக், கிராவ் பகுதிகள். அங்கே சரளைக்கல் நிலம், காபர்னே சொவிஞோன் திராட்சை ஆட்சி செய்கிறது. இளமையில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும், நீண்ட நாள் தாங்கும். வலது கரையில் சேன் எமிலியோன், போமரோல். களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கொண்ட நிலம். மெர்லோவும் காபர்னே ஃப்ராங்கும் அதிகம். சதைப்பற்றான, சீக்கிரம் இணக்கமாகும் ஒயின். இரண்டில் எது உங்கள் நாக்குக்கு ஒத்துவருகிறது என்று தெரியாமல் ஒரு பெட்டிகூட முன்பதிவு செய்யாதீர்கள்.

1855இல் போட்ட தரவரிசையைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். அது முக்கியமாக அன்றைய சந்தை விலையை வைத்துத் தரகர்கள் தயாரித்த பட்டியல். ஐந்து படிகள் கொண்ட அதில், 1973இல் மூத்தோன் ரோத்ஷில்டு இரண்டாம் வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு உயர்ந்ததுதான் பெரிய மாற்றம். இன்று ஐந்தாம் வரிசையில் இருக்கும் சில ஷாட்டோக்கள் இரண்டாம் வரிசைக்காரர்களை விட நன்றாகச் செய்கின்றன. பட்டியலிலேயே இல்லாத சோசியாந்தோ-மாலே போன்றவையும் இருபது ஆண்டு தாங்கும் ஒயின் தருகின்றன.

செய்ய வேண்டியது இதுதான். உங்களுக்கு ஆர்வமுள்ள மூன்று நான்கு ஷாட்டோக்களின் பழைய ஆண்டு பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கிக் குடித்துப் பாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வயதான பாட்டிலாக இருந்தால் நல்லது. இந்தச் செலவைச் செய்யத் தயங்குகிறவர்கள் பிறகு முழுப் பெட்டியில் பணத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

உதாரணத்துக்கு ஒன்றைப் பார்ப்போம். மெதோக்கின் சேன் ஜூலியன் ஊரில் உள்ள லெயோவில் பார்ட்டன், இரண்டாம் வரிசை ஷாட்டோ. அயர்லாந்திலிருந்து வந்த பார்ட்டன் குடும்பம் 1826 முதல் வைத்திருக்கிறது. பக்கத்திலேயே அவர்களின் இன்னொரு ஷாட்டோவான லாங்கோவா பார்ட்டனின் கூடத்தில்தான் இந்த ஒயினும் தயாராகிறது. காபர்னே மேலோங்கிய, இளமையில் இறுக்கமான, மெதுவாக மலரும் ஒயின். நீண்டகாலம் ஷாட்டோவை நடத்தி 2022இல் மறைந்த ஆன்டனி பார்ட்டன், சந்தை சூடாக இருந்தபோதும் விலையை அளவோடு வைத்தவர் என்று பெயர் எடுத்தவர். இப்படிப்பட்ட வரலாறு உள்ள இடத்தில்தான் முன்கூட்டி வாங்குபவருக்கு ஏதாவது மிச்சமாகும். விலை வைப்பதில் ஒரு ஷாட்டோவின் பழக்கம் என்ன என்பதை அதன் சுவையைப் போலவே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டை எடைபோடுவது

‘நூற்றாண்டின் சிறந்த விளைச்சல்’ என்ற விளம்பரம் பத்தாண்டுக்கு மூன்று முறையாவது வரும். அதைத் தள்ளிவிட்டு வானிலையைப் பாருங்கள். போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தெனி துபூர்தியே, சிறந்த சிவப்பு ஒயின் ஆண்டுக்கு ஐந்து நிபந்தனைகள் சொன்னார். இவ்வளவு பயனுள்ள அளவுகோல் எனக்கு வேறு கிடைத்ததில்லை.

ஒன்று, பூப்பது. மே கடைசியிலும் ஜூனிலும் வெப்பமாக, உலர்ந்து இருந்தால் பூக்கள் ஒரே சமயத்தில் விரிந்து, காய்கள் ஒரே சமயத்தில் பழுக்கும். குளிரும் மழையும் வந்தால் பூ உதிரும், ஒரே கொத்தில் பெரிய காயும் மிளகளவு காயும் சேர்ந்து நிற்கும். 2013இல் நடந்தது இதுதான். அந்த ஆண்டு அதிலிருந்து மீளவே இல்லை.

இரண்டு, காய் பிடிக்கும்போது கொஞ்சம் தண்ணீர்ப் பற்றாக்குறை. அப்போதுதான் காய் சிறிதாக, தோல் தடிப்பாக இருக்கும். நிறமும், துவர்ப்பைத் தரும் டானினும் தோலில்தான் இருக்கின்றன.

மூன்று, காய் நிறம் மாறுவதற்கு முன், அதாவது ஜூலை கடைசி, ஆகஸ்ட் தொடக்கத்தில், கொடி வளர்வதை நிறுத்த வேண்டும். ஜூலையில் மழை கொட்டினால் கொடி இலை விட்டுக்கொண்டே போகும், சத்து பழத்துக்குப் போகாது.

நான்கு, இலைகள் அறுவடை வரை வேலை செய்ய வேண்டும். வறட்சி அளவுக்கு மீறினால் கொடி தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடும். சர்க்கரை ஏறியிருக்கும், ஆனால் டானின் பழுத்திருக்காது. 2003இன் கடும் வெப்பத்தில் பல இடங்களில் இந்தக் கோளாறைப் பார்த்தோம்.

ஐந்து, அறுவடையில் மழையோ அழுகலோ இல்லாமல், தாமதமாகப் பழுக்கும் காபர்னேவும் நிதானமாகப் பழுக்க நேரம் கிடைக்க வேண்டும்.

2010இல் ஐந்தும் கூடிவந்தன. 2016இல் வசந்தம் ஈரமாக இருந்தும், பூக்கும் சமயத்தில் நல்ல வெயில் கிடைத்து, பிறகு நீண்ட உலர்ந்த கோடை வந்தது. 2022 வெப்பமும் வறட்சியும் மிக்க ஆண்டு. ஆனாலும் 2003ஐப் போல வெந்துபோகாமல் பல ஒயின்கள் புத்துணர்வோடு வந்தன. 2021இல் ஏப்ரல் உறைபனி, பிறகு பூஞ்சை நோய், குளிர்ந்த கோடை என்று எல்லாம் சேர்ந்து, ஆல்கஹால் குறைந்த, மெலிந்த ஒயின்கள் வந்தன.

இதோடு நின்றுவிடாதீர்கள். போர்தோ முழுவதற்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. வறண்ட ஆண்டில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் களிமண், சுண்ணாம்பு நிலங்கள் தப்பிக்கும். ஈரமான ஆண்டில் தண்ணீரை உடனே வடியவிடும் சரளை நிலம் கைகொடுக்கும். 2017 ஏப்ரல் கடைசியில் உறைபனி தோட்டம் தோட்டமாகக் கருக்கியபோது, ஜிரோந்து கழிமுகத்தை ஒட்டிய சேன் எஸ்டெஃப், போயாக், சேன் ஜூலியன் மேடுகள் பெரும்பாலும் தப்பின. மெதோக்கின் சிறந்த கொடிகள் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் என்று அங்கே சொல்வதுண்டு. வாங்க நினைக்கும் ஷாட்டோ எந்த நிலத்தில், எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அதன்பின் வானிலை அறிக்கையைப் படியுங்கள்.

பீப்பாய் மாதிரியும் விமர்சகர் சொல்லும்

ஏப்ரல் சுவைப்புகள் பெரும்பாலும் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். அந்த மாதிரி பீப்பாயிலிருந்து எடுக்கப்பட்டு, பாதுகாப்புக் குறைவாக ஒரு பாட்டிலில் அடைக்கப்பட்டது. எடுத்த அன்றோ மறுநாளோ சுவைத்தால்தான் அதில் நியாயம் கிடைக்கும். மாதிரி எடுத்த தேதி என்ன என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நிறத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். இந்த வயதில் எல்லாமே கருஊதாதான். மூக்கில் வனிலாவும் வறுத்த மர வாசனையும் முந்திக்கொண்டு வந்தால், அது புதுப் பீப்பாயின் வாசனை. அதைத் தாண்டிப் பழம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு சின்ன வாய் எடுத்து, பத்து நொடி நாக்கில் உருட்டுங்கள். முதலில் பழச்சுவை வரும். அது நடு நாக்கில் தொடர்கிறதா, அல்லது அங்கே பள்ளம் விழுந்து நேராகத் துவர்ப்புக்குத் தாவுகிறதா? இந்த நடுப்பகுதிதான் தீர்ப்பு சொல்லும் இடம். அங்கே வெறுமையாக இருக்கும் ஒயினைக் காலம் நிரப்பாது. அப்புறம் துவர்ப்பு. ஈறுகளில் மணலாக உரசினால் டானின் பழுக்கவில்லை என்று அர்த்தம். நிறைய இருந்தும் மென்பொடியாக வாய் முழுக்கப் பரவினால் நல்லது. நாக்கின் ஓரங்களில் புளிப்பு ஊறி வாயில் நீர் சுரக்க வேண்டும். கடைசியாகத் துப்பிவிட்டு, சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, தொண்டையில் ஆல்கஹால் சுடுகிறதா என்று கவனியுங்கள்.

நம்மில் பெரும்பாலோர் விமர்சகரின் நாக்கைத்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. 1982 விளைச்சலைப் பீப்பாயிலேயே அடையாளம் கண்டு பாராட்டிய ராபர்ட் பார்க்கரால் நூறு மதிப்பெண் முறை இந்தச் சந்தையை ஆளத் தொடங்கியது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று நீல் மார்ட்டின், வில்லியம் கெல்லி, ஜேன் ஆன்சன், இருபதுக்கு மதிப்பெண் போடும் ஜான்சிஸ் ராபின்சன் எனப் பல குரல்கள் இருக்கின்றன. பீப்பாய் ஒயினுக்குப் பலர் 94–96 என்பது போல ஓர் எல்லைதான் தருவார்கள். வியாபாரியின் விளம்பரத்தில் மேல் எண் மட்டும் பெரிதாக இருக்கும். கீழ் எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

விமர்சகர்கள் எவ்வளவு முரண்படலாம் என்பதற்கு ஷாட்டோ பாவியின் 2003 ஒயின் ஒரு பாடம். சேன் எமிலியோனைச் சேர்ந்த அந்த ஒயினைப் பார்க்கர் வானளாவப் புகழ்ந்தார். ராபின்சன் இருபதுக்குப் பன்னிரண்டு கொடுத்தார். இருவருமே தேர்ந்தவர்கள், விருப்பம்தான் வேறு. அதனால் எண்ணை விட விளக்கத்தைப் படியுங்கள். நீங்கள் குடித்துப் பார்த்த பழைய பாட்டிலைப் பற்றி அதே விமர்சகர் என்ன எழுதினார் என்று தேடிப் பாருங்கள். உங்கள் நாக்கோடு ஒத்துப்போகிற ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விலை நியாயமா?

பணம் போகிற இடமும் தங்குகிற இடமும் இதுதான். சோதனை எளிது. அதே ஷாட்டோவின், ஏறத்தாழ அதே தரமுள்ள, ஏற்கெனவே பாட்டிலில் இருக்கிற ஆண்டுகள் இன்று என்ன விலைக்குக் கிடைக்கின்றன? புதிய ஆண்டு அதைவிடக் கணிசமாக மலிவாக இல்லையென்றால் வாங்காதீர்கள். என் எல்லை குறைந்தது 15 சதவீதம். பணம் இரண்டு ஆண்டு முடங்குகிறது, வியாபாரி நொடிக்கும் அபாயத்தை நாம் சுமக்கிறோம், பீப்பாய் மாதிரியை நம்புகிறோம். இத்தனைக்கும் சேர்த்து அந்தத் தள்ளுபடி வேண்டும். வைன்-சர்ச்சர் தளத்தில் பழைய ஆண்டுகளின் விலையைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ஒப்பிடும்போது வரியைக் கவனியுங்கள். பிரிட்டனில் ஆன் ப்ரிமர் விலை கலால் வரியும் வாட் வரியும் சேராத விலை. ஒரு பேச்சுக்கு, ஆறு பாட்டில் பெட்டி 240 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு எடுக்கும்போது பாட்டிலுக்குச் சுமார் 3 பவுண்ட் கலால் வரி, ஆக 258. அதன்மேல் 20 சதவீதம் வாட் சேர்ந்தால் 309 பவுண்ட் 60 பென்ஸ். நாற்பது பவுண்ட் என்று நினைத்த பாட்டில் ஐம்பத்தொன்றைத் தாண்டுகிறது. இதில் போக்குவரத்தும் கிடங்கு வாடகையும் இன்னும் சேரவில்லை. வரி சேராத விலையை வரி சேராத விலையோடு மட்டும் ஒப்பிடுங்கள். கடை அலமாரி விலையோடு ஒப்பிட்டு ஏமாந்துவிட வேண்டாம்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. சீன வாங்குபவர்கள் அலைமோதிய காலத்தில் வந்த 2009, 2010 விளைச்சல்களின் விலை உச்சத்துக்குப் போனது. முதல் வரிசை ஷாட்டோவான லாஃபித்தின் 2008 பாட்டிலில் சீனர்களுக்கு ராசியான எட்டு என்ற எழுத்தைப் பொறித்தார்கள் என்றால் அந்த வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். 2011க்குப் பிறகு சந்தை சரிந்தது. ஒயின் அருமையானதுதான், ஆனால் உச்ச விலையில் வாங்கிய பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மாறாக, 2020 வசந்தத்தில் கொரோனா முடக்கத்தின் நடுவே வெளியான 2019, நல்ல தரமும் குறைக்கப்பட்ட விலையுமாக வந்தது. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். 2022க்கு விலை ஏறியது, சந்தை தளர்ந்ததும் 2023க்குப் பல ஷாட்டோக்கள் விலையை வெகுவாக இறக்கின. சந்தை பயந்த ஆண்டில் விலையைப் பார்க்க வேண்டும், எல்லோரும் புகழ்ந்த ஆண்டில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதலீடாக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் பதில். குடிப்பதற்கு வாங்குங்கள். விலை இறங்கினாலும் ஒயின் உங்களுடையதாக இருக்கும்.

விலைச் சோதனையில் தேறாவிட்டாலும் வாங்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, போமரோலின் சிறிய தோட்டங்களைப் போல மிகக் குறைவாகத் தயாராகும், பிறகு தேடினாலும் கிடைக்காத ஒயின். இன்னொன்று பாட்டில் அளவு. பாட்டிலில் அடைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், அரை பாட்டிலாகவோ ஒன்றரை லிட்டர் மேக்னமாகவோ கேட்டு வாங்கலாம். குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினை மேக்னத்தில் எடுத்து வைக்க விரும்புபவர்களுக்கு இதுவே சரியான நேரம்.

யாரிடம் வாங்குவது

கலிபோர்னியாவின் பெர்க்லியில் ப்ரீமியர் க்ரூ என்ற கடை, வரப்போகும் ஒயின்களுக்கு மற்றவர்களை விடக் குறைந்த விலை சொல்லிப் பல ஆண்டு முன்பணம் வாங்கியது. 2016 ஜனவரியில் திவாலானது. புதிய வாடிக்கையாளர் பணத்தில் பழையவர்களுக்கு ஒயின் தந்துகொண்டிருந்த மோசடி வெளியே வந்து, உரிமையாளர் சிறைக்குப் போனார். பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோரின் ஒயினைக் கடை வாங்கவே இல்லை.

ஆகவே எல்லோரையும் விட மலிவாகச் சொல்பவரை விட்டு விலகுங்கள். எத்தனை ஆண்டாக ஆன் ப்ரிமர் விற்கிறார்கள், நெகோசியானிடம் ஒதுக்கீடு உறுதியானதா, ஒயின் வந்ததும் கிடங்கில் பெட்டி உங்கள் பெயரில் பதிவாகுமா, அந்தக் கிடங்கு வியாபாரியுடையதா வேறு நிறுவனத்துடையதா என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டி உங்கள் பெயரில் தனியாகப் பதிவாகியிருந்தால், கடை நொடித்தாலும் அது உங்கள் சொத்து. பிரிட்டனில் இருப்பவர்கள் கிரெடிட் கார்டில் கட்டினால், 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு பாதுகாப்பு கிடைக்கும். வங்கிப் பரிமாற்றத்தில் அது இல்லை.

ரசீதில் ஷாட்டோவின் முழுப் பெயர், ஆண்டு, பாட்டில் அளவு, பெட்டிக்கு எத்தனை, வரி சேர்ந்ததா இல்லையா எல்லாம் இருக்க வேண்டும். பெயரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். லெயோவில் பார்ட்டன், லெயோவில் பொய்ஃபெரே, லெயோவில் லாஸ் காஸ் மூன்றும் வேறு வேறு ஷாட்டோக்கள். ஷாட்டோ தன் முதன்மை ஒயினில் சேர்க்காததைக் கொண்டு வேறு பெயரில் விடும் இரண்டாம் ஒயினை, முதல் ஒயின் என்று நினைத்து வாங்குபவர்களும் உண்டு.

ஒயின் வந்த பிறகு

வெளியே எடுக்கும் வரை வரி கட்டத் தேவையில்லாத கிடங்கிலேயே விட்டு வைப்பது பெரும்பாலோருக்கு நல்லது. வெப்பம் 12 முதல் 14 டிகிரிக்குள் சீராக இருக்கும், எங்கே இருந்தது என்ற பதிவும் தொடரும். பின்னால் விற்க நேர்ந்தால் அந்தப் பதிவுக்கு மதிப்பு உண்டு. வீட்டில் வைப்பதானால் அதற்கென்றே குளிர்பெட்டி வேண்டும். சமையலறை அலமாரியில் இரண்டு கோடை போதும், எல்லாம் பாழாகிவிடும்.

வந்த கையோடு திறக்காதீர்கள். பாட்டிலில் அடைத்துப் பயணம் செய்த ஒயின் சில மாதம் மூடிக்கொண்டு கிடக்கும். மெதோக்கின் எளிய ஒயின்களை அறுவடையிலிருந்து ஆறேழு ஆண்டில் தொடங்கலாம். தரவரிசை ஷாட்டோக்களுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டு கொடுங்கள், 2010, 2016 போன்ற இறுக்கமான ஆண்டுகளுக்கு அதற்கும் மேலே. கிடங்கின் காப்பீடு வாங்கிய விலைக்கா, இன்றைய மாற்று விலைக்கா என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு, மாற்று விலைக்குத் திருத்தி வைத்துவிடுங்கள்.